குழாய்க்குள் ஒரு கரண்டித் தண்ணீர்

வாசகர் கேள்வி – பட்டறை பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன: ஹீட் பைப். சில சோலார் வாட்டர் ஹீட்டர்களிலும் லேப்டாப்பிலும் இருக்கும், காற்றை எடுத்துவிட்டு மூடிய செம்புக் குழாய் அது. ஒரு முனை சூடேறினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, குளிர்ந்த மறுமுனைக்குப் போய்ச் சூட்டை இறக்கிவிட்டு, தண்ணீராகத் திரும்பி வரும். அதற்குள் இருக்கும் கொஞ்சத் தண்ணீரில் எதையாவது கலந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யுமா என்று ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். முப்பத்தோரு வருஷம் பாலிடெக்னிக் பட்டறையில் செம்புக் குழாயோடும் வேக்குவம் பம்ப்போடும் வாழ்ந்தவன் நான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்கள். 30 செ.மீ. நீளம், 12 மி.மீ. விட்டமுள்ள செம்புக் குழாயில் 100 மெஷ் (அங்குலத்துக்கு நூறு கண்) செம்பு வலையைச் சுருட்டி வைத்து ஹீட் பைப் செய்தோம். தண்ணீரில் அலுமினியம் ஆக்சைடு நானோ தூள் கலந்தபோது முதல் வாரம் வெறும் தண்ணீரைவிட நல்ல ரீடிங் வந்தது. மூன்றாவது வாரம் வெறும் தண்ணீரைவிட மோசமாகிவிட்டது. தூளின் சதவீதத்தைக் கூட்டலாமா? எவ்வளவு கலக்க வேண்டும்?
– மாணவர், திருமங்கலம்

பதில்: தம்பி, சதவீதத்தில் கைவைப்பதற்கு முன்னால் குழாயின் குளிரும் முனையில் கைவைத்துப் பாருங்கள். ஹீட்டரை ஓடவிட்டு, சூடு நிலைக்கு வந்த பிறகு, குளிரும் பகுதி முழுவதும் ஒரே சூட்டில் இருக்கிறதா, அல்லது ஓரிடம் வரை சூடாக இருந்துவிட்டு அதற்கப்புறம் கோடு கிழித்தது போலச் சட்டென்று குளிர்ந்துவிடுகிறதா? வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளை இரண்டு செ.மீ.க்கு ஒன்றாக வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கடைசிப் பகுதி மட்டும் குளிர்ந்து கிடந்தால் அங்கே காற்றோ வேறு வாயுவோ போய் உட்கார்ந்திருக்கிறது. ஆவி அதை அந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும். அதற்கு அப்பால் ஆவியால் போக முடியாது. அப்படியானால் கோளாறு குழாயின் மூட்டில் இருக்கிறது, தூளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குளிரும் பகுதி முழுக்க ஒரே சூட்டில் இருந்து, சூடேறும் முனை மட்டும் அளவுக்கு மீறிக் காய்ந்தால், தண்ணீர் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். வலை அடைத்திருக்கலாம்.

எங்கள் பட்டறையில் ஒருமுறை இதே நிலைமை வந்தது. குழாயின் மேல் 7 செ.மீ. ஜில்லென்று இருந்தது. பையன்கள் திரவத்தை மூன்று தடவை மாற்றிவிட்டார்கள். கடைசியில் குழாய்க்குள் காற்றை ஏற்றி வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தோம். உலோகத்தை உருக்கி ஒட்டிய பிரேசிங் மூட்டிலிருந்து அரை நிமிஷத்துக்கு ஒன்றாக எள் அளவுக் குமிழ் கிளம்பியது. ஒட்டும்போது தடவிய ஃபிளக்ஸைச் சரியாகக் கழுவாமல் விட்டதில் மூட்டு அரித்து, ஊசித் துளை விழுந்திருந்தது. குழாய்க்குள் 30 டிகிரியில் இருக்க வேண்டிய அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் 24-ல் ஒரு பங்குதான். அவ்வளவு வெறுமையான இடத்துக்குள் காற்று நுழைய எள் அளவு வழியே தாராளம்.

சரி, மூட்டு நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இனி தூளுக்கு வருகிறேன்.

உங்கள் குழாய் 100 வாட் கடத்துகிறது என்றால், ஒரு நிமிஷத்துக்கு இரண்டரை கிராம் தண்ணீர் ஆவியாகி, மறுமுனைக்குப் போய், திரும்பத் தண்ணீராகி, வலை வழியாக ஊறி வருகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். அந்த உள்ளுறை வெப்பம்தான் இங்கே சுமைகூலி. இதே 100 வாட்டை, இதே 12 மி.மீ. கனத்தில் கெட்டிச் செம்புக் கம்பி வழியாக 30 செ.மீ. தூரம் அனுப்ப வேண்டுமானால், இரண்டு முனைக்கும் நடுவே 660 டிகிரி வித்தியாசம் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹீட் பைப்புக்குச் சில டிகிரி போதும். ஆக, கடத்தும் வேலையைச் செய்வது ஆவி. தூள் கலந்ததால் தண்ணீரின் வெப்பக் கடத்துதிறன் சில சதவீதம் கூடுவது இதில் சின்ன விஷயம்.

அப்படியானால் முதல் வாரம் ரீடிங் ஏன் நன்றாக வந்தது? ரசம் நுரைகட்டி வரும்போது மேலே மூடியிருக்கும் தட்டை எடுத்து, அதில் தொங்கும் துளியை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு இருக்காது, புளி இருக்காது. ரசத்தின் வாசனை மட்டும் இருக்கும். ஆவி, தான் போகும்போது ஆவியாகக் கூடியதை மட்டுமே கூட்டிக்கொண்டு போகும். உங்கள் நானோ தூள் உப்பு மாதிரி. அது சூடேறும் முனையிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் மட்டும் போய் வருகிறது. தூள் அங்கேயே வலைமேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. அந்தப் பூச்சு நுண்துளைகள் உள்ளது, தண்ணீர் அதில் நன்றாக ஒட்டிப் பரவும், குமிழ் பிறக்கவும் இடம் கிடைக்கும். முதல் வார ரீடிங் பெரும்பாலும் இந்தப் பூச்சு தந்தது. இப்படி நானோ தூள் கலந்த திரவத்துக்கு 'நானோஃபுளூயிட்' என்ற பெயரை அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தில் ஸ்டீபன் சோய் 1995-ல் வைத்தபோது எல்லோரும் கடத்துதிறனைத்தான் பேசினார்கள். கொதிக்கும் பரப்பில் படியும் படிவுதான் பெரிய வேலையைச் செய்கிறது என்று சுமார் பத்து வருஷம் கழித்து எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கொதிக்கவைக்கும் சோதனைகளில் காட்டினார்கள். அந்தப் பூச்சு தடித்துக்கொண்டே போனால் வலையின் கண் அடையும். மூன்றாவது வாரம் நடந்தது அதுவாக இருக்கலாம். அதனால்தான் சதவீதத்தைக் கூட்டாதீர்கள் என்கிறேன்.

இதை உறுதி செய்ய அழகான ஒரு சோதனை உண்டு. ஒரு வாரம் நானோ திரவத்தோடு ஓட்டிய குழாயைத் திறந்து, திரவத்தை வடித்து, சுத்தமான தண்ணீரை மட்டும் அடைத்து ஓட்டுங்கள். முன்னேற்றம் குறையாமல் அப்படியே இருந்தால் அது பூச்சின் வேலை. போய்விட்டால் திரவத்தின் வேலை. உங்கள் ப்ராஜெக்ட் அறிக்கையில் இந்த ஒரு பக்கத்துக்காகவே உங்களை நான் பாராட்டுவேன்.

இன்னொன்று. தூள் கட்டி சேராமல் மிதக்கச் சோப்பு வகை ஏதாவது சேர்த்தீர்களா? கடிதத்தில் சொல்லவில்லை, ஆனால் பெரும்பாலானவர்கள் சேர்ப்பார்கள். விளக்கில் எண்ணெய் திரியேறுவது போல வலை தண்ணீரை இழுப்பது பரப்பு இழுவிசையால், அதாவது தண்ணீரின் மேற்பரப்பு தன்னைத் தானே இழுத்துப் பிடிக்கும் விசையால். நல்ல தண்ணீருக்கு 100 மெஷ் வலை 11 செ.மீ. உயரத் தண்ணீர்ப் பத்திக்குச் சமமான இழுப்பைத் தரும். சோப்பு போட்டால் பரப்பு இழுவிசை பாதியாகும், இழுப்பும் ஐந்து, ஐந்தரை செ.மீ.க்கு இறங்கிவிடும். குழாயைப் படுக்க வைத்திருந்தால் தாக்குப்பிடிக்கும். சூடேறும் முனை மேலே இருக்கும்படி சாய்த்தீர்களானால் காய்ந்துபோகும். திரியாக வேலை செய்யும் வலையே இல்லாமல், தண்ணீர் எடையாலேயே கீழே இறங்கும் நிமிர்ந்து நிற்கும் குழாயில் சோப்பு அவ்வளவு கெடுதல் செய்யாது. சின்னச் சின்னக் குமிழாகச் சீக்கிரம் கொதிக்க அது உதவுவதும் உண்டு. ஆனால் நுரை மேலே வரை ஏறும், நாள்பட்ட சூட்டில் சோப்பே சிதைந்து வாயு விடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எதையும் கலக்காத, சுத்தமான தண்ணீர்க் குழாய்கள் மூன்றை முதலில் செய்யுங்கள். மூன்றும் ஒரே ரீடிங் காட்ட வேண்டும். இரு முனைகளின் வெப்பநிலை வித்தியாசத்தை வாட்டால் வகுத்து வரும் வெப்பத் தடையை மூன்றுக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அவை தங்களுக்குள்ளேயே இருபது சதவீதம் வேறுபட்டால், கலவையால் பதினைந்து சதவீதம் முன்னேறியது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் கிடையாது.

கேள்வி: ஐயா, எங்கள் மாடியில் ஹீட் பைப் வைத்த சோலார் ஹீட்டர் ஆறு வருஷமாக இருக்கிறது. இப்போது தண்ணீர் முன்பு போல் சூடாவதில்லை. பார்க்க வந்த டெக்னீஷியன், குழாயின் தலையை வெட்டி ஒரு கெமிக்கல் ஊற்றி அடைத்தால் புதிது போல ஆகும் என்கிறார். செய்யலாமா?
– இல்லத்தரசி, பழங்காநத்தம்

பதில்: வேண்டாம் அம்மா. அந்தக் குழாயை மூடும் முன் உள்ளே இருந்த காற்றை முழுவதும் எடுத்திருப்பார்கள். மாடியில் வைத்து வெட்டிய நொடியில் காற்று புகுந்துவிடும். எந்தத் திரவம் ஊற்றினாலும் அந்தக் காற்றை அது வெளியேற்றாது.

குழாய் நல்லதா கெட்டதா என்று நீங்களே பார்க்கலாம். அதிகாலையில், வெயில் ஏறுமுன், கண்ணாடிக் குழாயிலிருந்து செம்புக் குழாயை உருவி எடுங்கள். மெல்லிய பக்கத்தைக் கொதிக்கவைத்து இறக்கிய வெந்நீர்ப் பாத்திரத்தில் நிற்க வையுங்கள். குழாயின் தலையில் உள்ள தடித்த குமிழ் மேலே இருக்கட்டும். ஒரு நிமிஷத்துக்குள் குமிழ் சுட்டால் குழாய் நன்றாக இருக்கிறது. சுடாவிட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். வெயிலில் இருந்த குழாயின் குமிழை மட்டும் வெறும் கையால் தொட்டுவிடாதீர்கள். தண்ணீர் ஓடாத நேரத்தில் அது 200 டிகிரியைத் தாண்டிக்கூடப் போகும், தோல் உரிந்துவிடும்.

என் அனுபவத்தில் பத்தில் எட்டு வீட்டில் குழாய் நன்றாகத்தான் இருக்கும். டேங்க்கில் குமிழ் போய் உட்காரும் குழியில் பூசியிருந்த, சூடு கடத்தும் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். இல்லாவிட்டால் நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு அந்தக் குழியின் தண்ணீர்ப் பக்கத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும். கெட்டிலின் அடியில் பார்த்திருப்பீர்களே, அதே படிவு. பேஸ்ட்டைப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள், டேங்க்கைத் திறந்து படிவை எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி மேல் உள்ள தூசியையும் துடையுங்கள்.

கேள்வி: பவுடர் கோட்டிங் அடுப்பின் புகைபோக்கியில் வீணாகும் சூட்டை எடுத்து, உள்ளே போகும் காற்றைச் சூடாக்க ஹீட் பைப் வைக்க நினைக்கிறேன். செம்பு விலை கட்டுப்படியாகவில்லை. அலுமினியக் குழாயில் தண்ணீரோடு துரு தடுக்கும் மருந்து கலந்து ஓட்டலாமா?
– சிறுதொழில் செய்பவர், கப்பலூர்

பதில்: அலுமினியமும் தண்ணீரும் ஒரே குழாயில் சேரக் கூடாது. இரண்டும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு வரும். மேலே தம்பிக்குச் சொன்னேனே, குளிரும் முனையில் போய் உட்காரும் வாயு, அதுவேதான். முதலில் கொஞ்சம் அடைக்கும், நாளாக ஆகக் குழாயையே செத்த குழாயாக்கிவிடும். மருந்து கலந்தாலும் அதை நம்பி முதல் போடச் சொல்ல எனக்கு மனசு வராது.

இரும்புக் குழாயிலும் இதே சிக்கல் உண்டு. சீனாவில் தொழிற்சாலைக் கழிவு வெப்பத்துக்கு இரும்பு–தண்ணீர்க் குழாய்களை ஏராளமாகச் செய்தார்கள், அதற்குக் குரோமேட் போன்ற தடுப்பான்களைத் தண்ணீரில் கலந்தார்கள். திரவத்தில் ஒன்றைக் கலந்து ஹீட் பைப்பைக் காப்பாற்றியதற்கு இது உண்மையான உதாரணம். அங்கே தடுப்பான் குழாயின் உட்சுவரில் ஒரு படலத்தை உண்டாக்கி, இரும்பையும் தண்ணீரையும் பிரித்து வைக்கிறது. ஆனால் குரோமேட்டில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும் நஞ்சு. உங்கள் பட்டறையில் அதைக் கையாளப் போவது உங்கள் வேலையாட்கள். தயவுசெய்து வேண்டாம்.

அசிட்டோன் அலுமினியத்தோடு ஒத்துப்போகும், உண்மைதான். தீப்பிடிக்கும் திரவத்தை அடுப்பின் பக்கத்தில் நான் வைக்க மாட்டேன்.

குழாயைச் செம்பிலும், காற்றுப்படும் இறக்கைகளை அலுமினியத்திலும் செய்யுங்கள். ஏ.சி. காயில்களில் அப்படித்தான் இருக்கிறது. செலவில் பெரும்பகுதி இறக்கையில்தான், அங்கே மிச்சமாகும். இன்னொரு விஷயத்தை அவசியம் கவனியுங்கள். உள்ளே போகும் காற்றின் ஃபேன் நின்றுவிட்டால் குழாய் புகையின் சூட்டுக்கே ஏறிவிடும். 150 டிகிரியில் குழாய்க்குள் 5 பார் (வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு) அழுத்தம், 200 டிகிரியில் 15 பாருக்கு மேல். ஃபேன் நின்றால் பர்னரும் நிற்கும்படி இன்டர்லாக் போட்ட பிறகு மட்டும் ஓட்டுங்கள்.

கேள்வி: சூடான இடத்தை விட்டு ஓடாமல், சூடான இடத்தை நோக்கியே தானாக ஓடும் திரவம் இருப்பதாகப் படித்தேன். ஹீட் பைப்பில் அதை ஊற்றுகிறார்களாமே? மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?
– இயற்பியல் ஆசிரியர், மேலூர்

பதில்: உண்மைதான் ஐயா. இந்தக் கலவைகளிலேயே என் மனதுக்கு நெருக்கமானது இதுதான்.

வகுப்பில் ஒரு தட்டுத் தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவி, சோப்பு தொட்ட விரலை நடுவில் வையுங்கள். தூள் விளிம்புக்கு ஓடும். இழுவிசை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குப் பரப்பு இழுபடுகிறது. சூடும் சோப்பின் வேலையையே செய்கிறது: 25 டிகிரியில் மீட்டருக்கு 72 மில்லி நியூட்டனாக இருக்கும் தண்ணீரின் பரப்பு இழுவிசை 100 டிகிரியில் 59 ஆகிவிடும். ஆகவே குழாயில் எங்கே சூடு அதிகமோ, எங்கே தண்ணீர் அவசரமாக வேண்டுமோ, அங்கிருந்தே மேற்பரப்புத் தண்ணீர் விலகி ஓடப் பார்க்கும். காய்ந்த இடம் இன்னும் காயும்.

பியூட்டனால், பென்டனால் போன்ற நீண்ட சங்கிலி ஆல்கஹாலைக் கொஞ்சமாகத் தண்ணீரில் கலந்தால், ஒரு வெப்பநிலைக்கு மேல் இந்த விதி தலைகீழாகிறது. சூடு ஏற ஏறப் பரப்பு இழுவிசையும் ஏறுகிறது. வோக்டன், பெட்ரே என்ற இரு ஆய்வாளர்கள் 1973-ல் இதை அளந்து வெளியிட்டார்கள். நெடுநாள் கழித்து ஜப்பானின் யோஷியுகி ஆபே இதை ஹீட் பைப்புக்குக் கொண்டுவந்தார். தானே திரும்ப நனைக்கும் திரவம் என்ற பொருளில் அதற்கு ஆங்கிலத்தில் பெயர் உண்டு.

ரசத்தட்டை இங்கே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். பியூட்டனால் வாசனை மாதிரி. ஆவியோடு கிளம்பிப் போகும், அதுவும் தண்ணீரைவிட முந்திக்கொண்டு போகும். அதனால் சூடான இடத்தில் மிஞ்சுவது பியூட்டனால் குறைந்த தண்ணீர், அதாவது இழுவிசை கூடிய தண்ணீர். குளிரும் முனையில் இறங்குவது பியூட்டனால் மிகுந்த திரவம், இழுவிசை குறைந்தது. குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு, அதாவது குளிர்ந்த முனையிலிருந்து சூடான முனைக்குப் பரப்பு இழுபடுகிறது. மிளகுத்தூள் ஓடிய அதே விதிதான். தூள் போல ஒரு மூலையில் படிந்து கிடக்காமல் ஆவியோடு போய், திரவத்தோடு திரும்பி, தானும் ஒரு சுற்று சுற்றுகிறது பாருங்கள், கலப்பதற்கு அதுதான் தகுதி.

குறையும் உண்டு. மொத்தத்தில் தண்ணீரின் இழுவிசையை அது குறைக்கிறது, திரியின் இழுப்பும் அந்த அளவு குறையும். நூறு மில்லி தண்ணீரில் ஏழு கிராமுக்குச் சற்று மேல்வரைதான் பியூட்டனால் கரையும், அதற்கு மேல் ஊற்றினால் எண்ணெய் போலத் தனியாக மிதக்கும். தீப்பிடிக்கக் கூடியது, நெடியும் தலையைச் சுற்றும். பள்ளியில் செய்து காட்ட வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை மூட்டாமல், சொட்டளவில் செய்யுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் தங்கும் விடுதியில் ஹீட் பைப் சோலார் வைக்கப் போகிறோம். ஜனவரியில் உறைபனி விழுகிறது. வண்டிக்கு ஊற்றும் கூலன்ட்டைக் குழாய்த் தண்ணீரில் கலந்து தரச் சொல்லலாமா?
– விடுதி நடத்துபவர், கொடைக்கானல்

பதில்: கூலன்ட்டில் உறையாமல் தடுக்க இருக்கும் கிளைக்கால் என்ற திரவம் 197 டிகிரியில்தான் கொதிக்கும். இதுவும் உப்பு மாதிரி கீழேயே தங்கிவிடும். மேலே போய்க் குமிழில் இறங்குவது வெறும் தண்ணீர்தான், அதற்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது. கீழே மிஞ்சுவது பாகு போலக் கெட்டியாகி, கொதிக்க அதிகச் சூடு கேட்கும். எத்தனால் கலந்தால் ஆவியோடு போகும், உறையாது. ஆனால் அதன் உள்ளுறை வெப்பம் தண்ணீருடையதில் பாதிகூட இல்லை, பகலில் கிடைக்கும் சூட்டில் அந்த நஷ்டம் தெரியும். நிலம் நிரந்தரமாக உறைந்து கிடக்கும் அலாஸ்காவில், எண்ணெய்க் குழாயைத் தாங்கும் தூண்களில் 1,24,000 ஹீட் பைப்புகளை நட்டிருக்கிறார்கள். அங்கே தண்ணீரையே வைக்கவில்லை, அம்மோனியா வைத்தார்கள். அவ்வளவு குளிருக்கு அதுதான் முறை.

உங்கள் ஊர் உறைபனி ராத்திரியில் சில மணி நேரம் இருந்துவிட்டு வெயில் வந்ததும் போய்விடும். குழாயைச் சுற்றி இரட்டைக் கண்ணாடியும் அதன் நடுவே வேக்குவமும் இருக்கிறது, உள்ளே அவ்வளவு சீக்கிரம் உறையாது. உறைந்தாலும் பனிக்கட்டி விரிய இடம் இருக்கும்படி தண்ணீரைக் குறைவாக அடைத்த, உறைநிலைச் சோதனை செய்த குழாயா என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கலவையை நீங்கள் சொல்லிக் கலக்கச் சொல்ல வேண்டாம். விடுதியில் உண்மையில் உறைந்து வெடிக்கப் போவது டேங்க்கிலிருந்து பாத்ரூமுக்கு மாடிச் சுவரோரமாக வரும் தண்ணீர் பைப். அதற்கு 20 மி.மீ. ரப்பர் ஃபோம் சுற்றி, மேலே வெயில் படாமல் அலுமினிய டேப் ஒட்டச் சொல்லுங்கள்.